துவக்கும் அதற்குக் கொடுத்த விலையும்
றொபேர்ட் வில்லியம்ஸின் நூலை முன்வைத்துச் சில குறிப்புகள்

சில நூல்களைத் தலைப்பைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறோம். சிலவற்றைத் தலைப்பைப் பார்த்தே தூக்கிப் பிடிக்கிறோம். 'துவக்கேந்திய நீக்ரோக்கள்' என்ற நூலுக்கு எம்மவர் மத்தியில் இந்த இரண்டும் நடக்கக்கூடும். துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்த்துவோரும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வோரும் உண்டு. இரு சாராருமே இந்நூலை வாசித்தால் ஏமாந்து போவார்கள் என்பதே எமது எண்ணம். அந்த ஏமாற்றம் பயனுள்ளது என்பதாலேயே இதைப் பற்றி எழுத முனைந்தோம்.

1962ல் நியூயோர்க்கில் மர்சானி அன்ட் மன்செல் என்ற சிறிய பதிப்பகம் வெளியிட்ட நூல் இது. எழுதியவர் றொபேர்ட் எப். வில்லியம்ஸ். அமெரிக்காவின் தெற்கே, வட கரோலினா மாநிலத்தின் மொன்றோ என்ற சிறு நகரத்தில் 1925ல் பிறந்த கறுப்பர். 'நீக்ரோ' என்பது அந்தக் காலத்துச் சொல். இன்று எவரும் மரியாதையாகப் பாவிப்பதில்லை. நூல் வெளிவந்தபோது ஆசிரியர் தன் நாட்டில் இல்லை. கியூபாவில் அகதியாக இருந்தார். தான் ஏன் அந்நிய மண்ணில் இருந்து பேசவேண்டியிருக்கிறது என்ற விளக்கத்தோடுதான் நூலே ஆரம்பிக்கிறது.

நாங்கள் ஐந்தாறு பேர், எல்லோரும் உணவகச் சமையலறைகளில் நிற்பவர்கள், கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் ஒன்றுகூடி இதை வாசித்தோம். பாதியில் விட்டு வந்த பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் இதற்குப் போதுமானதாக இருந்தது. நூல் கடினமானதல்ல. அதில் உள்ள விடயம்தான் கடினமானது.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் அந்த உரிமைக்கு ஆரம்பத்திலிருந்தே நிறம் இருந்தது. 1857ல் ட்ரெட் ஸ்கொட் வழக்கில் தீர்ப்பெழுதிய பிரதம நீதியரசர் றோஜர் ரானி, கறுப்பரைக் குடிமக்களாக ஏற்றால் என்னென்ன விபரீதம் நேரும் என்று ஒரு பட்டியல் போட்டார். அவர்கள் விரும்பிய இடமெல்லாம் ஆயுதத்தோடு போகும் உரிமை பெற்றுவிடுவார்கள் என்பது அதில் ஒன்று. அடிமை முறை ஒழிந்த 1865லேயே மிசிசிப்பி மாநிலம், அனுமதிப் பத்திரமில்லாத கறுப்பர் துவக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. எனவே, தெற்கில் ஒரு கறுப்பர் 'எனக்கும் இந்த உரிமை உண்டு' என்று சொல்வது ஒரு துவக்கைப் பற்றிய பேச்சல்ல. நானும் இந்த நாட்டுக் குடிமகன் என்ற பேச்சு. வில்லியம்ஸின் அப்பம்மா அடிமையாகப் பிறந்தவர். அப்பப்பா வைத்திருந்த துவக்கை அவர்தான் பேரனிடம் கொடுத்தார் என்று, 1999ல் 'றேடியோ பிறீ டிக்ஸி' என்ற பெயரில் வில்லியம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய திமோதி ரைசன் கூறுகிறார்.

இராணுவத்திலும் கடற்படைப் பிரிவிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பிய வில்லியம்ஸ், கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மொன்றோக் கிளைக்குத் தலைவரானார். வெள்ளையரின் நெருக்குதலால் உறுப்பினர்கள் கழன்றுபோய், ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய அளவுக்குக் கிளை மெலிந்திருந்தது. வில்லியம்ஸ் படித்தவர்களைத் தேடிப் போகவில்லை. கூலி வேலை செய்பவர்கள், வீட்டு வேலைக்காரிகள், போருக்குப் போய் வந்தவர்கள் ஆகியோரிடம் போனார். 1957ல் அவர்கள் கேட்டது பெரிய புரட்சி ஒன்றையுமல்ல. நகரத்தின் நீச்சல் தடாகத்தைக் கறுப்புப் பிள்ளைகளும் பாவிக்க விடுங்கள் என்றார்கள். கண்ட குளங்களில் நீந்தப்போய்ப் பிள்ளைகள் இறந்திருந்தார்கள். வாரத்தில் ஓரிரு நாளாவது தாருங்கள் என்று இறங்கி வந்தும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீரை இறைத்து மாற்றவேண்டி வருமே, செலவு கூட என்பதுதான் நகர அதிகாரிகள் சொன்ன பதில். இந்தப் பதிலை வில்லியம்ஸ் ஒரு விமர்சனமும் இல்லாமல் எழுதிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போகிறார். நூலின் வலிமையான இடங்கள் இப்படியானவைதான்.

இதற்குப் பதிலாக கு கிளக்ஸ் கிளான் கூட்டங்கள் வைத்தது. கறுப்பர் குடியிருப்புக்குள் கார் ஊர்வலம் விட்டுச் சுட்டது. பொலிஸ் கார்களும் ஊர்வலத்தோடு வந்தன என்கிறார் வில்லியம்ஸ். 1983 ஆடி மாதத்தைப் பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்த இடத்தில் விளக்கவுரை தேவைப்படவில்லை. மொன்றோக்காரர் தேசிய றைபிள் சங்கத்துக்கு விண்ணப்பித்து, அதன் அங்கீகாரத்தோடு சட்டப்படி ஒரு துவக்குக் கழகம் ஆரம்பித்தார்கள். அறுபது பேரளவில் சேர்ந்தார்கள். 1957 ஒக்ரோபரில், சங்கத்தின் துணைத் தலைவர் டொக்டர் அல்பேர்ட் பெரியின் வீட்டைத் தாக்க வந்த ஊர்வலத்தை மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து எதிர்த்துச் சுட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. கிளான் ஓடிவிட்டது. அதுவரை எதுவும் செய்யமுடியாது என்றிருந்த நகரசபை, அதன் பிறகு கிளானின் கார் ஊர்வலங்களைத் தடைசெய்தது. டொக்டர் பெரிக்குக் கிடைத்த தண்டனை வேறு வழியால் வந்தது. கருக்கலைப்புச் செய்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

இதுவரைக்கும் கதை துவக்கின் வெற்றிக் கதை போலத் தோன்றும். எமது அபிப்பிராயத்தில் நூலின் மையம் இதுவல்ல. அதற்குப் பின்னால் நடந்த இரண்டு சம்பவங்களே மையம்.

முதலாவது, 1959 மே மாதம். கர்ப்பிணியான ஒரு கறுப்புப் பெண்ணை வல்லுறவு செய்ய முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வெள்ளையர் ஒருவரை நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தப் பெண்ணின் உறவினர்கள் முன்னமே பழிவாங்கப் புறப்பட்டபோது, நீதிமன்றத்தை நம்புவோம் என்று சொல்லித் தடுத்தவர் வில்லியம்ஸ். தீர்ப்பு வந்ததும் கறுப்புப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, இப்போது எங்களுக்கு யார் காவல் என்று கேட்டார்கள். நீதிமன்றப் படிக்கட்டில் நின்று அவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்: சட்டம் எங்களைக் காக்காவிட்டால் வன்முறையை வன்முறையாலேயே எதிர்கொள்வோம் என்று. மறுநாள் அது நாடெங்கும் செய்தியாயிற்று. தேசியச் சங்கத்தின் செயலாளர் றோய் வில்கின்ஸ் உடனடியாக அவரை இடைநிறுத்தினார். இடைநிறுத்தம் ஆறு மாதமாகியது. அந்த ஆண்டு கூடிய சங்க மாநாடு அதை உறுதிசெய்தது.

இங்கே ஒரு வினோதத்தைக் கவனிக்க வேண்டும். வில்லியம்ஸின் தண்டனையை உறுதிசெய்த அதே மாநாடு, சட்டவிரோதத் தாக்குதலுக்கு எதிரான தற்காப்பு உரிமையைத் தாங்கள் மறுக்கவில்லை என்றும் தீர்மானத்தில் எழுதி வைத்தது. உரிமை இருக்கிறது, அதைச் சொன்னவருக்குத் தண்டனை. மாநாட்டில் அவருக்கு எதிராகப் பேசியவர்களில் லிற்றில் றொக் நகரத்து டெய்சி பேற்ஸும் ஒருவர். அவருடைய வீட்டையே அக்காலத்தில் ஆயுதந்தாங்கிய தொண்டர்கள் காவல் காத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் கூட, 1956ல் தன் வீட்டுக்குக் குண்டு வைக்கப்பட்ட பிறகு, துவக்கு வைத்திருக்க அனுமதிப் பத்திரம் கேட்டு விண்ணப்பித்தார். அது மறுக்கப்பட்டது. ஆக, துவக்கைப் பாவித்தோர் பலர், அதை உரத்துச் சொன்னவர் மிகச் சிலர். விலை சொன்னவரிடமே அறவிடப்பட்டது.

இதை எழுதுவதால் கிங்கை நாம் இரட்டை வேடக்காரர் என்று சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 'லிபரேஷன்' சஞ்சிகையில் 1959ல் வில்லியம்ஸும் கிங்கும் நடத்திய விவாதம் எம்மவர் விவாதங்களுக்கு ஒரு பாடம். வீட்டைக் காக்கும் தற்காப்பை எல்லாச் சமூகங்களும் ஏற்றிருக்கின்றன என்பதைக் கிங் மறுக்கவில்லை. அவர் அஞ்சியது, தற்காப்பு என்ற பெயரில் வன்முறை ஒரு முன்னேற்றப் பாதையாக வளர்ந்துவிடும் என்பதற்கு. வில்லியம்ஸும் அகிம்சையை முற்றாக நிராகரிக்கவில்லை. அது செல்லுபடியாகும் இடத்தில் பாவிக்கலாம் என்றே எழுதுகிறார். இருவரும் எதிராளியின் வாதத்தை எடுத்துச் சொல்லிவிட்டே மறுக்கிறார்கள்.

இரண்டாவது சம்பவம் 1961 ஓகஸ்ட் 27ல் நடந்தது. சுதந்திரப் பயணிகள் எனப்பட்ட இளைஞர்கள் மொன்றோவுக்கு வந்து, அகிம்சை முறையில் நீதிமன்றத்தின் முன் மறியல் செய்தார்கள். அன்று வெள்ளையர் கும்பல் அவர்களை அடித்து நொறுக்கியது. அன்று மாலை, ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு வெள்ளைத் தம்பதியின் கார் கறுப்பர் குடியிருப்புக்குள் வந்து சேர்ந்தது. நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்துகொண்டார்கள். கொல்லுங்கள் என்ற குரல்கள் எழுந்தன. வில்லியம்ஸ் கூட்டத்தை மறித்தார். தம்பதி அவருடைய வீட்டுக்குள் இருந்தார்கள். பின்னர் காயமெதுவுமின்றிப் போனார்கள். இதற்காக அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம் ஆட்கடத்தல்.

இதை நாங்கள் இரண்டு தடவை வாசித்தோம். நான்கு வருடம் துவக்கோடு நின்ற மனிதரை அரசு துவக்கால் பிடிக்கவில்லை. அவர் தன் சொந்த மக்களின் கோபத்திலிருந்து எதிர்த்தரப்பின் இரு உயிர்களைக் காத்த செயலால்தான் பிடிக்கப் பார்த்தது. அரை மணித்தியாலத்தில் உன்னை நீதிமன்றச் சதுக்கத்தில் தூக்குவோம் என்று பொலிஸ் அதிபர் தொலைபேசியில் மிரட்டியதாக எழுதுகிறார். அன்றிரவே மனைவி மேபலோடும் இரு பையன்களோடும் ஊரை விட்டார். எப்.பி.ஐ. தேடத் தொடங்கியது. நியூயோர்க், கனடா, பின் கியூபா.

அதன் பிறகான கதை நூலில் இல்லை. ஆனால் புலம்பெயர்ந்த வாசகர் அதையும் அறியவேண்டும். ஹவானாவிலிருந்து 1962ல் 'றேடியோ பிறீ டிக்ஸி' என்ற வானொலி நிகழ்ச்சியை அவரும் மேபலும் தொடங்கினார்கள். 'குறுசேடர்' என்ற சிறு பத்திரிகையை அங்கிருந்தும் நடத்தினார்கள். வர்க்கப் பிரச்சினை தீர்ந்தால் நிறப் பிரச்சினை தீரும் என்று நம்பிய கியூப அதிகாரிகளுக்கு அவருடைய பேச்சு பிடிக்கவில்லை. முரண்பாடு முற்றி 1966ல் சீனாவுக்குப் போனார். அடைக்கலம் தருபவர் வாயைத் திறக்கவும் அளவு வைப்பார் என்பதை நாமும் அறிவோம். 1969ல் அமெரிக்கா திரும்பி மிச்சிகனில் வாழ்ந்தார். 1975 கடைசியில் வட கரோலினாவுக்குக் கொண்டு போனார்கள். 1976 தொடக்கத்தில் வழக்கையே கைவிட்டார்கள். பதினான்கு வருடங்களுக்கு மேல் ஒரு குடும்பத்தைத் துரத்திய வழக்கு விசாரணையே இல்லாமல் முடிந்தது. 1996 ஒக்ரோபரில் அவர் இறந்தபோது உடலை மொன்றோவுக்கே கொண்டுவந்தார்கள். அகிம்சைப் போராட்டத்தின் அடையாளமான றோசா பார்க்ஸ் அந்த இறுதிச் சடங்கில் வந்து பேசினார்.

இனி நூலின் குறைகளைச் சொல்ல வேண்டும்.

இது எழுதப்பட்ட நூல் என்பதைவிட வாக்குமூலம் எனலாம். பதிப்பாசிரியரின் துணையோடு அவசரத்தில் தொகுக்கப்பட்டது தெரிகிறது. சம்பவங்கள் நீதிமன்றத்தில் சொல்லப்படுவது போல வரிசையாக வருகின்றன. பயம் என்ற ஒன்று நூலில் இல்லை. இரவு முழுவதும் காவல் நின்றவன் காலையில் வேலைக்குப் போவதெப்படி, அவன் பிள்ளைகள் நித்திரை கொண்டார்களா என்ற எதற்கும் பதிலில்லை. ஒரு உரிமைக்காக நிற்பதன் தனிப்பட்ட விலையைப் பேசும் நூல், அந்த விலையைக் கொடுத்தவர்களில் ஒருவரைத்தான் காட்டுகிறது.

குறிப்பாகப் பெண்கள். மேபல் வில்லியம்ஸ் நூலின் ஓரத்தில் நிற்கிறார். பத்திரிகை வேலையும் வானொலி வேலையும், மூன்று நாடுகளில் இரு பிள்ளைகளை வளர்த்த வேலையும் அவருடையவை. 2004ல் இதே தலைப்போடு வந்த ஆவணப்படத்தில்தான் அவர் தன் குரலில் பேசக் கேட்கிறோம். நியூயோர்க்கில் பாடசாலைப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய மே மலோரி என்ற பெண்ணும் அதே ஆட்கடத்தல் வழக்கில் மாட்டினார். அவருக்குக் கியூபா கிடைக்கவில்லை. கிளீவ்லாந்தில் பிடிபட்டு, நீண்டகாலம் சிறையிலிருந்து, 1964ல் வட கரோலினாவில் தண்டிக்கப்பட்டார். ஜூரி தெரிவில் கறுப்பர் ஒதுக்கப்பட்டிருந்தார்கள் என்ற காரணத்தால் 1965ல் அத்தண்டனை ரத்தாயிற்று. விலைப் பட்டியலில் அவருடைய பெயர் எப்போதும் கீழேதான் வருகிறது.

நூலின் பிற்கால வாழ்வும் கவனத்துக்குரியது. கறுப்புச் சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கிய ஹியூ நியூட்டன் இதை வாசித்தவர். 1967 மே மாதத்தில் சிறுத்தைகள் கலிபோர்னியச் சட்டசபைக்குத் துவக்குகளோடு போனார்கள். அவ்வாண்டே, குண்டேற்றிய துவக்கைப் பொது இடத்தில் கொண்டு திரிவதைத் தடைசெய்யும் மல்போர்ட் சட்டத்தில் ஆளுநர் றொனால்ட் றேகன் கையெழுத்திட்டார். தேசிய றைபிள் சங்கமும் அதை ஆதரித்தது. 2008லும் 2010லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீட்டில் துவக்கு வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உறுதியாகத் தீர்த்தது. 2010 வழக்கைத் தொடுத்தவர்களில் முதலாமவர் சிக்காகோவைச் சேர்ந்த ஒரு முதிய கறுப்பர். ஆனால் 2016ல் மினசோட்டா மாநிலத்தில், பாடசாலைச் சமையலறையில் வேலை செய்த ஒரு கறுப்பு இளைஞர், தன்னிடம் துவக்கு இருக்கிறது என்று காரை மறித்த பொலிஸ்காரரிடம் மரியாதையாகச் சொன்னார். அவரிடம் அனுமதிப் பத்திரம் இருந்தது. சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவரை 2017ல் ஜூரி விடுதலை செய்தது. தேசிய றைபிள் சங்கம் அந்த நாட்களில் இறந்தவரின் பெயரையும் சொல்லாத ஒரு சிறு அறிக்கையோடு நின்றது. உரிமை தீர்ப்பில் எல்லோருக்கும் ஒன்றுதான். தெருவில் அதன் விலை வேறு வேறு.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2021ல் மட்டும் அமெரிக்காவில் துவக்கால் இறந்தோர் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். இன்று அங்கே துவக்கு உரிமை பேசுவோர் எல்லோரையும் வில்லியம்ஸின் வாரிசுகள் என்று கொண்டால், நூலுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவர் பேசியது கடையில் வாங்கும் சுதந்திரத்தையல்ல. சட்டத்தின் காவல் இல்லாதவர்கள், அந்தக் காவல் வரும்வரை, தம் வாசலைக் காப்பதைப் பற்றியே பேசினார்.

அப்படியானால் எமக்கு இந்நூல் எதற்கு?

எமது மண்ணிலும் துவக்கு முதலில் வாசலைக் காப்பதற்கென்றே வந்தது. எங்களிற் பலர் பிறக்க முன்னரே, 1986ல், அது வாசலுக்குள்ளே திரும்பிவிட்டது. புலிகள் ரெலோ இயக்கத்தை அழித்தபோது இறந்தவர்களும் எமது பிள்ளைகளே. 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21ல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்பது அவரோடு இயங்கியவர்களின் குற்றச்சாட்டு. மொன்றோவில் 'எங்களுக்கும் துவக்குரிமை உண்டு' என்று உரத்துச் சொன்னவர் விலை கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் 'துவக்கே, நீ யாருக்குப் பதில் சொல்வாய்?' என்று உரத்துக் கேட்டவர் விலை கொடுத்தார். எதிரெதிரானவை போலத் தோன்றும் இவ்விரு குரல்களும் ஒன்றையே கேட்டன என்று நாம் நினைக்கிறோம். ஆயுதம் மக்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதே அது. நீதிமன்றப் படிக்கட்டில் மொன்றோப் பெண்கள் வில்லியம்ஸை மறித்துக் கேள்வி கேட்டார்கள். அவர் நின்று பதில் சொன்னார். எமது தாய்மார் கேட்டபோது எத்தனை பேர் நின்று பதில் சொன்னார்கள்?

வில்லியம்ஸை ஒரு வீரராகப் பூசிக்கவேண்டியதில்லை. ஆனால் ஆயுதத்தின் பெயரால் யாராவது எம்மிடம் வந்து பேசும்போது கேட்பதற்கு இந்நூல் ஒரு கேள்வியைத் தருகிறது: எதிரியின் பக்கத்து மனிதர் இருவர் வழிதவறி உங்கள் கைக்குள் வந்தால், உங்கள் சொந்தச் சனத்தை மறித்து நிற்பீர்களா? அதற்கு ஆம் என்று சொல்லமுடியாதவரின் தற்காப்பு, தற்காப்பே அல்ல.

எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு அத்தியாயங்கள் முடிந்துள்ளன. தலைப்பில் துவக்கு என்று போடுவதா, தமிழ்நாட்டு வாசகருக்கும் விளங்கட்டும் என்று துப்பாக்கி என்று போடுவதா என்பதில் மட்டும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. வாசகர்கள் தம் கருத்தை எழுதலாம்.